38 கையெழுத்து, 46 டீ: பாளையங்கோட்டையில் ஒரு கணக்கு ஆபீஸ்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். டிரஸ்ட், சங்கம், தொண்டு நிறுவனம் இவற்றுக்கு மட்டும் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடை கண்ணிக் கணக்கு, ஜி.எஸ்.டி. வேலை எதையும் எடுப்பதில்லை. நடத்துகிறவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தாயி, இருக்க வேலையே தலைக்கு மேல கிடக்கு" என்றார். அதனால் பெயர் போடவில்லை. முருகன்குறிச்சிக்குப் போய் டிரஸ்ட் கணக்கு ஆபீஸ் என்று கேட்டால் ஜெராக்ஸ் கடைக்காரரே மாடியைக் காட்டுவார்.

நாங்கள் ஒரு சிறிய டிரஸ்ட். முக்கூடல், பாப்பாக்குடி, இடைகால் பக்கம் பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 13 மாலை நேரப் படிப்பு மையங்கள் (முன்பு 14) நடத்துகிறோம். அம்மாமார்களுக்கும் வளரிளம் பெண்களுக்கும் ஊட்டச்சத்துப் பயிற்சி கொடுக்கிறோம். நான் அதில் திட்ட ஒருங்கிணைப்பாளர். 2022ஆம் ஆண்டு ஐ.நா. அமைப்பு ஒன்றின் நிதி எங்களுக்கு முதல்முறையாகக் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நின்றது. ஒப்பந்தத்தோடு வந்த படிவங்களைப் பார்த்த பிறகு எனக்கும் எங்கள் கணக்குப் பிள்ளைக்கும் தூக்கம் போய்விட்டது. உள்ளூர் நன்கொடையை வாங்கி, ரசீது கொடுத்து, வருஷக் கடைசியில் ஆடிட்டரிடம் ஒரு கட்டைக் கொண்டு போடுவது வரைக்கும்தான் அதுவரை எங்களுக்குத் தெரிந்த கணக்கு.

இந்த ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் வேறொருவரிடம் போயிருந்தோம். வெளியூர் ஆலோசகர். விண்ணப்பம் முதல் கணக்கு வரை எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வருகிற தொகையில் 10 சதவீதம் கேட்டார். நல்லவேளை, எங்கள் தலைவர் சம்மதிக்கவில்லை. டிரஸ்ட் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.நா. அமைப்புகளில் கூட்டாளி நிறுவனமாகப் பதிவு செய்யவோ விண்ணப்பிக்கவோ கட்டணம் கிடையாது. திட்டப் பணத்திலிருந்து ஒருவருக்குக் கமிஷன் கொடுத்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லை. பிள்ளைகளுக்கு வாங்காத நோட்டுக்குப் பில் போட வேண்டிவரும். அந்த ஒரு பில்லோடு நிறுவனத்தின் பெயர் போய்விடும்.

சரி, அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். ஜூன் மாதம், ஒரு கட்டைப்பை நிறைய வவுச்சரோடு மாடி ஏறினோம். அவர் மொத்தத்தையும் புரட்டவில்லை. ஒரே ஒரு வவுச்சரை உருவி எடுத்தார். இடைகாலில் அம்மாமார் பயிற்சி நடந்த நாள். டீ, வடைச் செலவு ரூ. 1,840.

"எத்தனை பேரு வந்தாவ?"

வருகைப் பதிவை எடுத்துக் கொடுத்தோம். 38 கையெழுத்து. அவர் டீக்கடை பில்லைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு வேளை, வேளைக்கு 46 டீ, 46 வடை, ஒவ்வொன்றும் 10 ரூபாய். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆள்தான் எட்டு கூடுகிறது. எங்கள் கணக்குப் பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. நான், "பிள்ளைகளும் வந்திருக்கும் அண்ணாச்சி" என்றேன். பீடியைக் காலையில் கடையில் ஒப்படைத்துவிட்டு வருகிற அம்மாமார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சின்னப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எட்டுப் பிள்ளைகள். டீ என்று பில்லில் இருந்தது அவர்களுக்குக் கொடுத்த பால்.

திட்டுவார் என்று நினைத்தோம். அவர் பேனாவை என்னிடம் நீட்டி, "அதை இதுலயே எழுதுங்க. 38 பேரு, கூட வந்த பிள்ளைய 8. அன்னைக்கு இருந்த டீச்சர் கையெழுத்து போடட்டும்" என்றார். பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளையள வச்சுக்கிட்டு அம்மாமாருக்குப் பாடம் ஏறிச்சா?"

எனக்கு அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பாடம் ஏறவில்லை. ஒரு பிள்ளை அழுதால் நாலு பேர் வெளியே போவார்கள். இது எங்களுக்குத் தெரியும், ஆனால் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அண்ணாச்சி ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பயிற்சி நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆயா ஒருவர், நாளுக்கு ரூ. 400. ஏன் வேண்டும் என்பதற்கு ஆதாரமாக அந்தப் பழைய வருகைப் பதிவையே இணைத்தோம். ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டார்கள். இன்று எங்கள் வருகைப் படிவத்தில் 'உடன் வந்த பிள்ளைகள்' என்று தனிக் கட்டம் இருக்கிறது. கணக்கு என்றால் பயந்து எழுதுகிற ஒன்று என்று 15 வருஷம் நினைத்திருந்தேன். அந்த டீ பில்லுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

புதிதாகச் சேருகிற நிறுவனங்களுக்கு அவர் மூன்று அரை நாள் வகுப்பு எடுக்கிறார். இந்த ஆபீஸின் சேவையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். வவுச்சரில் தொடங்கமாட்டார். பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தொடங்குவார். கரும்பலகையில் தாமிரபரணியை வரைந்தார். பாபநாசத்தில் இறங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. "கோடகன் கால்வாய்த் தண்ணிய நீங்க பாளையங்கால்வாய் வயலுக்குத் திருப்ப முடியுமா? முடியாது. அந்தந்த ஆயக்கட்டுக்கு அந்தந்தத் தண்ணி. இந்தப் பணமும் அப்படித்தான்" என்றார்.

பெரிய சர்வதேச அமைப்புகளுக்குப் பணம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, உறுப்பு நாடுகள் கட்டியே ஆகவேண்டிய சந்தா. நாட்டின் பொருளாதார அளவைப் பார்த்து விகிதம் போடுவார்கள். ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டில் 2025 முதல் 2027 வரை அமெரிக்காவின் பங்கு 22 சதவீதம், சீனாவின் பங்கு ஏறக்குறைய 20. இது ஆற்றில் ஓடுகிற தண்ணீர். எங்கே தேவையோ அங்கே விடலாம். மற்றது, நாடுகளும் அறக்கட்டளைகளும் மனமுவந்து தருவது. அதில் பெரும்பங்கு இன்ன வேலைக்கு, இன்ன நாட்டுக்கு என்று கட்டிப்போட்டு வருகிறது. அது கால்வாய்த் தண்ணீர்.

உலக சுகாதார அமைப்பின் கதையை அவர் சொன்னபோதுதான் இதன் வலி புரிந்தது. அப்போது 194 நாடுகள் உறுப்பினர். ஆனால் அதன் பட்ஜெட்டில் கட்டாயச் சந்தா ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நிலைக்கு வந்துவிட்டது. மீதி எல்லாம் விருப்ப நன்கொடை, அதிலும் பெரும்பகுதி கட்டிப்போட்டது. ஒரு நோய்க்குக் கொட்டிக் கிடக்கும், இன்னொன்றுக்குக் காலணா இருக்காது. இதைச் சரிசெய்யத்தான் 2022 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை கூடி, 2030-31க்குள் சந்தாவின் பங்கை அடிப்படை பட்ஜெட்டில் பாதியாக உயர்த்துவது என்று முடிவெடுத்தது. யுனிசெஃப் இன்னொரு மாதிரி. 1946 டிசம்பர் 11ல் தொடங்கிய நாளிலிருந்து அதற்குக் கட்டாயச் சந்தா என்பதே கிடையாது. அரசுகள் தருவதும், சாதாரண ஜனங்கள் தருவதும், முன்னெல்லாம் வாழ்த்து அட்டை விற்று வந்ததும் என்று முழுக்க முழுக்க விருப்ப நிதியில் நடக்கிறது.

அப்புறம் அந்தப் பணம் கீழே இறங்குகிற வழி. யுனிசெஃபுக்கு 36 நாடுகள் உட்கார்ந்திருக்கிற செயற்குழு ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் பல ஆண்டுத் திட்ட ஆவணம் ஒன்றை அது ஒப்புக்கொள்கிறது. இந்தியாவின் இப்போதைய ஆவணம் 2023 முதல் 2027 வரை. அதிலிருந்து ஆண்டு வேலைத்திட்டம், அதிலிருந்து மாநில அலுவலகத்தின் வேலை, அதிலிருந்து கூட்டாளி நிறுவனத்தோடு ஒப்பந்தம். மற்ற அமைப்புகளிலும் ஏறத்தாழ இதே படிக்கட்டுதான். அந்தப் படத்தின் கடைசிக் கோட்டில், அண்ணாச்சி சின்னதாக ஒரு வட்டம் போட்டு 'இடைகால்' என்று எழுதினார். எங்கள் மையத்தில் ஒரு டீச்சர் நாளை லீவு போட்டால், அந்தப் படிக்கட்டின் மேற்படியில் எழுதிய ஒரு வாக்கியம் பொய்யாகிறது. வகுப்பில் உட்கார்ந்திருந்த எங்கள் டீச்சர்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதையும் அங்கே கேட்டேன். மேலே இருக்கிற அமைப்பு நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறதே, யுனிசெஃபில் கட்டிப்போட்டு வரும் நிதிக்குப் பொதுவாக 8 சதவீதம், உலக சுகாதார அமைப்பில் வழக்கமாக 13 சதவீதம், அது ஏழைப் பிள்ளைகளுக்கு வர வேண்டிய பணம்தானே என்று. அவர் எங்கள் பட்ஜெட்டையே எடுத்து வைத்து, "உங்க ஆபீஸ் வாடகை எந்தத் திட்டத்துல வருது? கரண்டு பில்லு? உங்க சம்பளம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்களுக்கும் அப்படி ஒரு பங்கு இருந்தது. அது இல்லாவிட்டால் 14 மையங்களை மேற்பார்வை பார்க்க ஆள் இருக்காது. கோபம் முழுக்கத் தணிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தச் சதவீதம் இன்னும் குறையலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நிர்வாகச் செலவே கூடாது என்று பேசுவதை விட்டுவிட்டேன்.

படிவ வேலைக்கு வருவோம். யுனிசெஃப், யு.என்.டி.பி., யு.என்.எஃப்.பி.ஏ. போன்ற ஐ.நா. அமைப்புகள் கூட்டாளிகளுக்குப் பணம் அனுப்ப ஒரு பொது முறை வைத்திருக்கின்றன. ஹாக்ட் என்பார்கள். அதன் உயிர் ஃபேஸ் படிவம். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒன்று. ஒரே தாளில் இடது பக்கம் போன காலாண்டுக் கணக்கு, வலது பக்கம் அடுத்த காலாண்டுக்குக் கேட்கும் தொகை. போனதற்குக் கணக்குக் காட்டாமல் வருவதைக் கேட்க முடியாது என்பதைத் தாளின் அமைப்பே சொல்லிவிடுகிறது. செலவை நாங்கள் பழகிய மாதிரி பயணம், ஸ்டேஷனரி, வாடகை என்று மட்டும் எழுதிவிட முடியாது. எந்தச் செயல்பாட்டுக்கு என்று எழுத வேண்டும். முதல் காலாண்டில் நாங்கள் தப்பு செய்தோம். பயிற்சி ஹாலுக்குக் கொடுத்த அட்வான்ஸ் 6,000 ரூபாயைச் செலவு என்று எழுதிவிட்டோம். பயிற்சி நடந்து பில் வந்தால்தான் அது செலவு, அதுவரைக்கும் கைவசம் உள்ள பணம்தான் என்று அண்ணாச்சி பென்சிலால் அடித்துத் திருத்தினார். இந்த ஒரு விஷயம் தெரியாமல் படிவம் திரும்பி வந்த நிறுவனங்கள் இங்கேயே இரண்டு மூன்று எனக்குத் தெரியும்.

எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்ட விஷயத்திலும் அவரால் ஒரு குழப்பம் தீர்ந்தது. வெளிநாட்டுப் பணம் என்றாலே டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் கணக்கு வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடைக்கு அது உண்மைதான். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீத வரம்பு, வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்ற தடை, இவையும் அதில்தான் வந்தன. ஆனால் அந்தச் சட்டத்தின்படி ஐ.நா.வும் அதன் சிறப்பு அமைப்புகளும் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. எங்களுக்கு இரண்டும் உண்டு. வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பும் சின்னத் தொகைக்கு டெல்லிக் கணக்கு, ஐ.நா. திட்டத்துக்கு இங்கே தனிக் கணக்கு. இரண்டு கேஷ் புக், இரண்டு நிற அட்டை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றுகூடக் கூடாது என்பதில் அண்ணாச்சி கறார்.

இனி வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆபீஸுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருப்பது அதனால்தான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த அதே மழை. மறுநாள் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் ஆபீஸ் சிந்துபூந்துறையில், கீழ்த்தளத்தில். தண்ணீர் வடிந்து, புதன்கிழமை உள்ளே கால் வைத்தபோது முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பீரோவின் கீழ் இரண்டு தட்டும் முழுகியிருந்தன. அதில்தான் அக்டோபரிலிருந்து அன்று வரைக்குமான வவுச்சர் அத்தனையும். டிசம்பர் முடிந்ததும் ஃபேஸ் அனுப்ப வேண்டும். எங்கள் கணக்குப் பிள்ளை அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது. அதன் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருந்தது, அதற்கெல்லாம் அது அழவில்லை.

போன் கிடைத்ததும் அண்ணாச்சிக்குச் சொன்னேன். முதலில், எல்லாரும் சாப்பிட்டீர்களா, வீடு நிற்கிறதா என்று கேட்டார். அடுத்தது, "கட்டைக் காயப் போட்டுராதிய. காஞ்சா கல்லு மாதிரி ஒட்டிக்கிடும். ஈரத்தோட ஒரு பாலித்தீன் பையில போட்டுக் கொண்டாங்க" என்றார். நாங்கள் வெயிலில் விரிக்க ஆரம்பித்திருந்தோம். உடனே எல்லாவற்றையும் எடுத்துக் கட்டினோம்.

மாடியில் மூன்று பெரிய தாம்பாளத்தில் நல்ல தண்ணீர் வைத்திருந்தார். கட்டை அதில் மெல்ல இறக்கி, சேறு கரையும்வரை விட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். பிரித்த தாளைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து ஒற்றி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். அந்த மாடி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி. பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை எழுத்து அப்படியே இருந்தன. ஜெல் பேனாவில் எழுதியவை நீலக் கறையாகப் பரவிவிட்டன. ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் ஊதாப் பூ மாதிரி விரிந்திருந்தது. நான் அவசரத்தில் ஒரு பில்லை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். கண் முன்னால் முழுத்தாளும் கறுத்துப்போனது. மெஷினில் அடித்து வருகிற வழவழப்பான பில், சூடு பட்டால் கறுத்துவிடும் ரகம். "அதைத் தேய்க்காதிய தாயி" என்று அவர் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. அது ஒரு மருந்துக்கடை பில். கடைக்குப் போய் டூப்ளிகேட் வாங்கினேன். அன்றிலிருந்து அந்த ரக பில் எது வந்தாலும் அன்றே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்துத்தான் வைக்கிறோம். வவுச்சரில் ஜெல் பேனா தொடுவதில்லை.

மொத்தம் 214 வவுச்சர். நாலு நாளில் 183 வாசிக்கும்படி கிடைத்தன. போன 31இல் 24க்கு வங்கி வழியாகப் பணம் போயிருந்தது. ஸ்டேட்மென்டையும் கடைக்காரர் கொடுத்த நகலையும் வைத்துத் திரும்ப எழுதினோம். மீதி ஏழும் ரொக்கம், ரூ. 9,460. அதற்கு என்ன செய்வது என்று நான் கேட்டபோது, அவர் பிரமாணப் பத்திரம், அது இது என்று வழி சொல்லவில்லை. நடந்ததை அப்படியே எழுதுங்கள், அந்தத் தொகையைத் திட்டத்தில் காட்டாதீர்கள், டிரஸ்ட் ஏற்கட்டும் என்றார். தலைவர் ஒப்புக்கொண்டார். வெள்ளம் வந்து ஒரு வாரத்துக்குள் நிதி தந்த அமைப்புக்குக் கடிதம் போனது: சேற்றுக் கோட்டின் புகைப்படம், 214 வவுச்சர்களின் பட்டியல், எது எந்த நிலையில் என்று ஒரு கட்டம். அவர்கள் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். பிப்ரவரியில் கணக்கை நேரில் சரிபார்க்க, ஸ்பாட் செக் என்று வந்தபோது, வந்த அதிகாரி அந்த மங்கிய வவுச்சர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு குறிப்பு எழுதினார். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த ஒரு செலவு, வெள்ளத்துக்கு முந்தியது. இன்னொன்று, ஸ்டாக் ரிஜிஸ்டரில் வாங்கிய நோட்டு இருந்தது, மையங்களுக்குக் கொடுத்தது ஏறவில்லை. இரண்டும் எங்கள் தப்புதான். பீரோவை இப்போது பரணுக்கு அருகே உயர்த்தி வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் எல்லா வவுச்சரையும் போனில் படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது.

2025 வேறொரு வெள்ளம். ஜனவரி 20 அன்று அமெரிக்கா உலக சுகாதார அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே சமயத்தில் அதன் வெளிநாட்டு உதவிகளும் நின்றன. உலக சுகாதார அமைப்பு 2026-27க்கு முதலில் போட்ட 530 கோடி டாலர் பட்ஜெட்டை 420 கோடியாகக் குறைத்தது. எங்கள் நிதி அந்த அமைப்பினுடையது கிடையாது. ஆனால் மேலே அணை வற்றினால் எல்லாக் கால்வாயும்தான் வற்றும். எங்கள் அடுத்த ஆண்டுத் தொகை கால் பங்கு குறைகிறது என்று கடிதம் வந்தது.

கால் பங்கு என்றால் மூன்று, நாலு மையத்தை மூடிவிடுவோம் என்றுதான் எங்கள் கமிட்டியில் பேச்சு ஓடியது. அண்ணாச்சி இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்தார், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. மூன்று வருஷ லெட்ஜரை மையவாரியாகப் பிரிக்கச் சொன்னார். ஒரு மையத்துக்கு மாதம் எவ்வளவு, அதில் டீச்சருக்கு எவ்வளவு, எங்கள் வண்டிக்கு எவ்வளவு. பிரித்துப் பார்த்தால், மேற்பார்வை வண்டி வாடகையும் அச்சுச் செலவும் நாங்கள் நினைத்ததைவிட எத்தனையோ மடங்கு. நாங்கள் பஸ்ஸில் போக முடிகிற ஊர்களுக்குக்கூட வண்டி வைத்திருந்தோம். வண்டியை மாதம் நாலு நாளாகக் குறைத்தோம். கலர் கையேட்டை விட்டோம். ஒரே தெருவின் இரண்டு முனையில் இருந்த இரண்டு மையங்களைச் சேர்த்தோம். 14 இப்போது 13. டீச்சர்கள் ஒருவரையும் நிறுத்தவில்லை. சேர்த்த மையத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பாடம் எடுக்கிறார்கள். ஆயாவுக்கான 400 ரூபாய் வரியில் கை வைக்கக் கூடாது என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அது அப்படியே இருக்கிறது.

குறைகளையும் எழுத வேண்டும். முதல் குறை மாடிப்படி. குறுகல், செங்குத்து, பிடிமானம் ஒரு பக்கம்தான். எங்கள் டீச்சர் ஒருவருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் வராது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸ் போலியோ யாருக்கும் வரவில்லை. உலகம் முழுக்கத் திரண்டு வந்த திட்டப் பணம் செய்த பெரிய காரியங்களில் ஒன்று அது என்று அண்ணாச்சியே வகுப்பில் சொல்வார். அந்த வகுப்புக்கு அந்த டீச்சரால் ஏறி வர முடியவில்லை. அண்ணாச்சி கீழே இறங்கி வந்து ஜெராக்ஸ் கடையில் ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அது அவருடைய நல்ல மனசு. ஆனாலும் தரைத்தளத்துக்கு மாற வேண்டும், அல்லது வகுப்பையாவது வேறு இடத்தில் வைக்க வேண்டும். நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, மார்ச் மாதமும் செப்டம்பர், அக்டோபரும் போனை எடுக்கவே மாட்டார்கள். வருமான வரிக்கான ஆடிட் ரிப்போர்ட், ரிட்டர்ன் எல்லாம் குவிகிற நேரம், புரிகிறது. ஆனால் செப்டம்பரோடு ஒரு காலாண்டும் முடிகிறது. அப்போது ஒரு சந்தேகத்துக்கு மூன்று நாள் காத்திருந்திருக்கிறேன். இன்னொரு ஆளைப் போட வேண்டும். மூன்றாவது, அவர்கள் தருகிற மாதிரிப் படிவங்கள் முதலில் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. எங்கள் டீச்சர்கள் நிரப்ப வேண்டிய தாள் அவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால் எப்படி? நானும் கணக்குப் பிள்ளையும் உட்கார்ந்து வருகைப் பதிவு, ஸ்டாக் ரிஜிஸ்டர், பயணப் படிவம் மூன்றையும் தமிழில் ஆக்கிக் கொடுத்தோம். இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் அதைத்தான் கொடுக்கிறார். ஃபேஸ் மட்டும் ஆங்கிலத்திலேயே போகிறது.

கட்டணம், எங்கள் அளவு நிறுவனத்துக்கு வருஷத்துக்கு 36,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். முதல் வகுப்புக்குத் தனியாக ஆளுக்கு 500. சதவீதக் கணக்கில் வாங்குவதே இல்லை, திட்டம் பெரிதானாலும் அதே கட்டணம்தான். ஆடிட் இவர்கள் செய்யமாட்டார்கள். கணக்கு எழுத உதவுகிறவரே அதைத் தணிக்கையும் செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆடிட்டரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தச் செலவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் டிரஸ்ட் பத்திர நகல், பான் கார்டு, மூன்று வருஷ ஆடிட் ரிப்போர்ட், வங்கி ஸ்டேட்மென்ட், இவற்றோடு ஏதாவது ஒரு நிகழ்ச்சியின் வருகைப் பதிவும் பில்லும் எடுத்துக்கொண்டு போங்கள். அதைத்தான் முதலில் கேட்பார். கணக்காளரை மட்டும் அனுப்பாமல், ஊருக்குள் வேலை பார்க்கிறவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். புதன், வெள்ளி மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைவு. மாடி ஏற முடியாதவர்கள் முதல் நாளே போனில் சொல்லிவிட்டால் கீழே இறங்கி வருகிறார்.